எடிட்டர் விழுகிறதென்று மூலத்தை வெட்டாதீர்கள்

கூரத்திலும் காஞ்சியிலும் பழைய எழுத்துகளைக் கணினியில் ஏற்றிவரும் அன்பர்களுக்கு,

செப்பேட்டு வாசகத்தைத் தட்டச்சு செய்யும் கல்லூரி மாணவர்கள், மணிப்பிரவாள உரைகளை வரி பிசகாமல் அடித்துத்தரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கோயில் நிலக்கணக்குச் சுவடிகளை விடுமுறை நாட்களில் படித்து ஏற்றும் தம்பி தங்கைகள், உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். யாரும் கூலி கொடுத்து உங்களை இதில் உட்காரவைக்கவில்லை. பட்டறையிலும் பள்ளியிலும் கடையிலும் வேலை முடித்துவிட்டு, இரவில் திரைமுன் உட்காருகிறீர்கள். அந்த உழைப்பு வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சில ஃபைல்களைத் திறந்த மாத்திரத்தில் எடிட்டர் தானாக மூடிக்கொள்கிறது. மற்ற ஃபைல்கள் ஒழுங்காகத் திறக்கின்றன. மறுபடி இயக்கினால், கடைசியாகப் பார்த்த ஃபைலையே அது தேடிப் பிடித்துத் திறந்து மறுபடி விழுகிறது. இதற்கு நமக்குள் ஒரு கைவைத்தியம் பரவியிருக்கிறது. கிரந்த வரிகளை எடுத்துவிடு, மாவுக்கும் காணிக்கும் உள்ள பழைய குறிகளை நீக்கிவிட்டு எண்ணால் எழுதிவிடு, கட்டம் கட்டமாகத் தெரிவதையெல்லாம் அழித்துவிடு, ஃபைல் திறந்துவிடும் என்கிறார்கள். உண்மைதான், திறந்துவிடுகிறது. ஆனால் திறப்பது நாம் ஏற்றிய மூலம் இல்லை, அதிலிருந்து கிள்ளி எடுத்தது போக மிஞ்சிய ஒன்று. அடுத்த ஊரில் இருப்பவர் அந்த மிச்சத்தையே மூலம் என்று நம்பி நகலெடுக்கிறார். இந்த வைத்தியத்தை இன்றோடு நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நம் ஊர்ச் செப்பேட்டை நினைத்துப் பாருங்கள். முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துக் கூரம் செப்பேடு ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வடமொழிப் பகுதி கிரந்த எழுத்தில், தமிழ்ப் பகுதி தமிழ் எழுத்தில் என இரண்டும் ஒரே ஏட்டில் உள்ளன. கல்வெட்டாய்வாளர் ஹுல்ச் 1890-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியில் அதைப் பதிப்பித்தார். வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம் என்ற கற்கோயிலுக்கும், அங்கே மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கும், தண்ணீரும் தீயும் தருபவருக்கும் எவ்வளவு பங்கு என்று அரசன் வகுத்துக் கொடுத்த ஆவணம் அது. அதில் அரசன் புகழ் பாடும் பகுதி கிரந்தத்தில் இருக்கிறது. எடிட்டர் தாங்கவில்லை என்று கிரந்தத்தை நீக்கினால் சாளுக்கியரோடு நடந்த போர் முழுவதும் போய்விடும், நிலப்பங்கு மட்டும் நிற்கும். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் செம்பில் தாங்கிய வாசகத்தை ஒரு மென்பொருளின் குறைக்காக நம் கையாலே பாதியாக்குவது எப்படி நியாயமாகும்?

ஏன் விழுகிறது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும். அதனால் கொஞ்சம் உள்ளே போவோம்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். கூரம் என்று எழுதினால் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது க, ஊகாரக் குறி, ர, ம, புள்ளி என ஐந்து குறியெண்கள். யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் மூன்று பைட், ஆக மொத்தம் 15 பைட். தமிழுக்கு யூனிகோடின் முதல் தளத்திலேயே இடம் கிடைத்தது. அந்தத் தளத்தில் 65,536 இடங்கள். கணினி உலகம் வெகுகாலம் அதுவே போதும் என்று நம்பிக்கொண்டிருந்தது. கிரந்தம் 2014-இல் யூனிகோடு 7.0-வில்தான் சேர்ந்தது. அதற்குள் முதல் தளத்தில் தாராளமாக இடம் இல்லை, எனவே அதற்கு அடுத்த தளத்தில் வைத்தார்கள். முந்திரி, காணி, மா போன்ற தமிழ்ப் பின்னக் குறிகளும் நில அளவை, நெல் அளவைக் குறிகளும் 2019 மார்ச்சில் வந்த 12.0-வில் அதே இரண்டாம் தளத்துக்குப் போயின. முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு, காணி 80-இல் ஒன்று, மா 20-இல் ஒன்று. நிலக்கணக்கு படிப்பவர்களுக்கு இவை இல்லாமல் ஒரு வரி நகராது.

இரண்டாம் தளத்து எழுத்துக்கு யூ.டி.எஃப்-8-இல் நான்கு பைட் வேண்டும். யூ.டி.எஃப்-16-இல் இரண்டு இரண்டு பைட்டாக ஒரு ஜோடி வேண்டும். எந்த எழுத்தும் மூன்று பைட்டைத் தாண்டாது என்று நினைத்து எழுதப்பட்ட பழைய நிரல் இங்கேதான் தடுக்கி விழுகிறது. தனித்தமிழ் ஃபைல் திறக்கிறது, மணிப்பிரவாளம் திறக்கவில்லை, நிலக்கணக்கு திறக்கவில்லை என்று நீங்கள் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பிளஸ் டூ கணினி அறிவியல் படிப்பவர்களுக்கு ஐடில் தெரிந்திருக்கும், பைத்தான் மொழியோடு வரும் சின்ன எடிட்டர். அதில் இரண்டாம் தளத்து எழுத்து ஒன்றை ஒட்டினால் விண்டோஸில் அது அப்படியே மூடிக்கொள்ளும் என்ற புகார் 2011-லேயே பதிவாகிவிட்டது. குறை பைத்தானில் மட்டும் இல்லை, திரையில் எழுத்தைக் காட்ட அது நம்பியிருந்த டி.கே. என்ற பழைய நூலகம் மூன்று பைட்டுக்கு மேல் போகத் தெரியாததாக இருந்தது. 2019 கடைசியில் வந்த 3.7.6, 3.8.1 பதிப்புகளில்தான் அது தீர்ந்தது. எட்டு ஆண்டுகள்! அந்த எட்டு ஆண்டும் பெரும்பாலோர் முகக்குறிகளை ஒட்டித்தான் அதைச் சந்தித்தார்கள். கிரந்தத்துக்கும் முகக்குறிக்கும் கணினியில் ஒரே தளம். உலகமே கைப்பேசியில் சிரிப்பு முகம் அனுப்பத் தொடங்கிய பிறகுதான் பல மென்பொருள்கள் அந்தத் தளத்தை மதிக்கக் கற்றன, அந்த வழியில் நம் கிரந்தத்துக்கும் வழி பிறந்தது. ஆகையால் முதல் வேலை, நீங்கள் வைத்திருக்கும் எடிட்டர் எந்த ஆண்டுப் பதிப்பு என்று பாருங்கள். யாரோ ஒருவர் பென் டிரைவில் கொடுத்த பழைய பதிப்பையே இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தால், புதியதை நிறுவுவதோடு பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

எழுத்துகள் எல்லாம் சரியாக இருந்தும் எடிட்டர் விழுவதுண்டு. நம்மில் பலர் பயன்படுத்தும் நோட்பேட் பிளஸ் பிளஸில் 2023-இல் அப்படி ஒன்று வெளிவந்தது. யூ.டி.எஃப்-16 ஃபைலை யூ.டி.எஃப்-8-ஆக மாற்றும்போது, இரண்டு பைட்டுக்கு மூன்று பைட் இடம் போதும் என்று அது கணக்கிட்டு நினைவகத்தில் இடம் ஒதுக்கியது. கணக்கு சரிதான். ஆனால் படிக்க வந்த பைட்டுகள் இரட்டைப்படையாக இல்லாமல் 9 என்பதுபோல ஒற்றைப்படையில் வந்தால் ஒதுக்கிய இடம் போதாமல், எழுதக் கூடாத இடத்தில் எழுதிவிடும். அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த 8.5.7 பதிப்பில் அதைச் சரிசெய்தார்கள். பாதியில் அறுந்த டவுன்லோடு, பென் டிரைவை அவசரமாகப் பிடுங்கியதில் கடைசி பைட் விடுபட்ட ஃபைல், இவையெல்லாம் இப்படி ஒற்றைப்படையில் வந்து நிற்கக்கூடியவை.

மூன்றாவது வகை, படித்துவிட்டு வரையும்போது விழுவது. ஃபைலிலிருந்து பைட்டுகளை வாங்குவது ஒரு வேலை, அவற்றைக் கூட்டி எழுத்துருவின் துணையோடு திரையில் எழுத்தாகத் தீட்டுவது வேறு வேலை. 2018 பிப்ரவரியில் தெலுங்கின் ஒரு கூட்டெழுத்து ஐபோன்களைத் திணறடித்தது நினைவிருக்கலாம். அந்த ஓரெழுத்து வந்த செய்தியைத் திறந்தால் செயலி மூடிக்கொண்டது. எழுத்தில் பிழை கிடையாது. ஆப்பிளின் எழுத்து வரையும் நிரலால் அந்தச் சேர்க்கையைக் கையாள முடியவில்லை. பிப்ரவரி 19 அன்று ஐஓஎஸ் 11.2.6 வெளியாகி அதைத் தீர்த்தது. அந்த நாட்களில் அந்த எழுத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள் என்று எச்சரிக்கை பரவியது. மொழியில் ஓர் எழுத்தையே ஆபத்தான பொருள்போலப் பேசும் நிலை வந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. நாமும் கிரந்தத்தை அப்படிப் பேசத் தொடங்கிவிடக் கூடாது.

உங்கள் ஃபைல் படிக்கும்போது விழுகிறதா, வரையும்போது விழுகிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. எடிட்டரின் எழுத்துருவை மாற்றிவிட்டு அதே ஃபைலைத் திறந்து பாருங்கள். நோட்டோ சான்ஸ் கிரந்தம் இலவசமாகக் கிடைக்கிறது, அதை நிறுவிவிட்டும் பாருங்கள். எழுத்துருவை மாற்றியதும் விழுவது நின்றால் கோளாறு வரையும் இடத்தில். எதை மாற்றினாலும் விழுகிறது என்றால் பெரும்பாலும் படிக்கும் இடத்தில். பைட்டுகளை எண்களாகவே காட்டும் ஹெக்ஸ் பார்வையியில் தமிழையோ கிரந்தத்தையோ வரையும் வேலை இல்லை, அதனால் எடிட்டரை விழச்செய்யும் ஃபைலையும் அது பெரும்பாலும் விழாமல் காட்டும். அதில் திறந்தால் இன்னொன்றும் தெரியும். மின்சாரம் திடீரென்று நின்ற வேளையில் சேமித்த ஃபைல் சில சமயம் அளவில் சரியாக இருக்கும், உள்ளே முழுக்கச் சுழியாக இருக்கும். அதுதான் உண்மையிலேயே சேதமான ஃபைல். அதற்கு எடிட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை, நகலைத்தான் தேட வேண்டும்.

பழைய எழுத்துருக்காலத்து ஃபைல்கள் தனிக் கதை. பாமினி, டிஸ்கி, டாம், டாப், இன்னும் டி.டி.பி. கடைகளில் ஓடிய பல எழுத்துருக்கள் என்று ஒவ்வொன்றும் தமிழுக்குத் தனித்தனி எண் கொடுத்து வைத்திருந்தன. தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்-16 முறையையும் தரமாக அறிவித்தது 2010-இல் தான். அதற்கு முன் அடித்தவை இன்னும் நம் அலமாரிக் குறுந்தகடுகளில் கிடக்கின்றன. அவற்றில் பலவற்றை யூ.டி.எஃப்-8 என்று நினைத்துத் திறந்தால், நல்ல எடிட்டர் குறியாக்கம் தவறு என்று சொல்லி நிறுத்தும், கவனமில்லாமல் எழுதிய எடிட்டர் விழும். அந்த ஃபைலை எடிட்டரில் திறக்காமல் முதலில் மாற்றியில் கொடுத்து யூனிகோடாக்குங்கள். என்.எச்.எம். கன்வர்ட்டர் இதற்கென்றே உருவானது. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஐகான்வ் கட்டளைக்கு டிஸ்கி தெரியும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், டிஸ்கியில் ஏற்றிய நூல்களைப் பின்னர் யூனிகோடுக்குக் கொண்டுவந்தது, தன்னார்வலர்களால் மட்டுமே அது நடந்தது. மாற்றியபின் பழைய ஃபைலைத் தூக்கிப் போடாதீர்கள். மாற்றியில் பிழை இருந்தால் சரிபார்க்க வேறு வழி இல்லாமல் போய்விடும்.

இனி, ஃபைல் விழுந்தால் என்ன செய்வது? எதற்கும் முன்னால் நகல் எடுங்கள். வைணவ குருபரம்பரையில் நம் கூரத்தாழ்வானைப் பற்றி ஒரு வரலாறு சொல்வார்கள். பிரம்ம சூத்திரத்தின் பழைய உரையான போதாயன விருத்தியைப் பார்க்க இராமானுசரோடு காஷ்மீரம் போனார், திரும்பும் வழியில் ஏட்டை அங்குள்ளோர் பறித்துக்கொண்டார்கள், இரவுகளில் ஆழ்வான் அதை முழுவதும் படித்து மனத்தில் வைத்திருந்ததால் இராமானுசர் ஸ்ரீபாஷ்யம் எழுதத் தடை வரவில்லை என்பார்கள். அப்படி மனத்தில் வைக்கும் ஆற்றல் நமக்கு இல்லை, அதனால்தான் நகல் வேண்டும். ஒன்று உங்கள் கணினியில், ஒன்று தனி டிரைவில், ஒன்று வேறு வீட்டில். மூலத்தை எழுத முடியாத ஃபைலாக, படிக்க மட்டுமான ஃபைலாக மாற்றிவிடுங்கள். அதன் ஹாஷ் எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், பின்னால் ஒரு பைட் மாறியிருந்தாலும் அந்த எண் காட்டிக்கொடுக்கும். சோதனையெல்லாம் நகலில்தான்.

திறந்தவுடன் திரும்பத் திரும்ப விழும் எடிட்டரை மீட்க, விழச்செய்யும் ஃபைலின் பெயரை மாற்றிவிட்டு எடிட்டரைத் தொடங்குங்கள். பழைய பெயரில் ஃபைல் கிடைக்காததால் அது காலியாகத் திறக்கும். பிறகு துணைநிரல்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சோதியுங்கள். எழுத்துப்பிழை திருத்தி, வண்ணம் தீட்டும் நிரல் என்று நாமே சேர்த்தவற்றில் ஒன்று காரணமாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஒரே வரியில் லட்சக்கணக்கான எழுத்துகள் கொண்ட ஃபைலும் எடிட்டரைத் திணறவைக்கும். ஈமேக்ஸ் போன்ற மூத்த எடிட்டரே 2023-இல் வந்த 29-ஆம் பதிப்பில்தான் மிக நீண்ட வரிகளை லகுவாகக் கையாளத் தொடங்கியது.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் பாதியாக்குங்கள். பத்தாயிரம் வரி ஃபைலின் நகலை ஐயாயிரம், ஐயாயிரம் என்று இரண்டாக வெட்டி எந்தப் பாதி விழச்செய்கிறது என்று பாருங்கள். அந்தப் பாதியை மறுபடி இரண்டாக்குங்கள். பதினான்கு முறைக்குள் ஒரே வரிக்கு வந்துவிடுவீர்கள். தறியில் உட்கார்ந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம், பாவில் ஓர் இழை அறுந்தால் அந்த இழையைத் தேடிப் பிடித்து முடிவாரே தவிர பாவையே அறுத்துப் போடமாட்டார். வெட்டும்போது வரி வரியாக வெட்டுங்கள், பைட் கணக்கில் வெட்டினால் ஓர் எழுத்தின் நடுவில் கத்தி விழுந்து புதிய கோளாறு பிறக்கும். இரண்டு பாதியும் நன்றாகத் திறந்து, சேர்த்தால் மட்டும் விழுகிறது என்றால் குறை எந்த எழுத்திலும் இல்லை, ஃபைலின் அளவிலோ துண்டு துண்டாகப் படிக்கும் இடத்திலோ இருக்கிறது. இதுவும் மதிப்புள்ள தகவல்தான்.

கிடைத்த அந்த ஒரு வரியை எடிட்டரைச் செய்தவர்களுக்கு அனுப்புங்கள். எடிட்டரின் பதிப்பு எண், இயங்குதளத்தின் பதிப்பு, எந்த எழுத்துரு, என்ன செய்தபோது விழுந்தது, விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் அந்த நேரத்தில் என்ன எழுதியிருக்கிறது, இவற்றையும் சேருங்கள். திறக்க மாட்டேன் என்கிறது என்று மட்டும் எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. விழுந்ததற்குக் காரணமான ஒரு வரி கையில் இருந்தால் அநேகமாகச் செய்துவிடுவார்கள். உங்கள் வரி கிரந்தமாக இருப்பது இன்னும் நல்லது, கிரந்தம் அடிக்கும் ஆட்கள் உலகில் குறைவு. நாம் சொல்லாவிட்டால் அந்தக் குறை அவர்கள் கண்ணில் படவே படாது.

ஓர் எச்சரிக்கை. யாரென்று தெரியாதவர் அனுப்பிய ஃபைல் எடிட்டரை விழச்செய்தால் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்பத் திறக்காதீர்கள். 2019-இல் விம் எடிட்டரில், ஃபைலின் தொடக்கத்திலோ கடைசியிலோ எழுதிய ஒரு வரி அதைத் திறந்தவரின் கணினியில் கட்டளையையே ஓட்டக்கூடியதாக இருந்தது தெரியவந்து 8.1.1365 திருத்தத்தில் அடைத்தார்கள். ஃபைல் வெறும் எழுத்துதானே என்று நினைக்க வேண்டாம்.

எடிட்டர் விழுவது கண்ணுக்குத் தெரியும் கேடு. தெரியாமல் நடக்கும் கேடு இன்னும் மோசம். மைசீக்குவல் தரவுத்தளத்தில் யூ.டி.எஃப்-8 என்று பெயர் வைத்திருந்த வகை மூன்று பைட் வரைதான் ஏற்கும். நான்கு பைட் எழுத்துக்காக 2010-இல் யூ.டி.எஃப்-8-எம்.பி.4 என்று தனி வகை கொண்டுவந்தார்கள். பழைய வகையில், கண்டிப்பு இல்லாத அமைப்பில், கிரந்த எழுத்து ஒன்று வந்தால் அந்த எழுத்தோடு அதற்குப் பின்னால் உள்ள வாசகம் முழுவதையும் வெட்டிவிட்டு, ஓர் எச்சரிக்கையை மட்டும் தந்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். பார்ப்பவருக்கு உரை அங்கே முடிவதுபோலத் தெரியும். அப்படி முடிந்த உரைகள் நம் தொகுப்பிலும் இருக்கலாம். பத்தி பாதியில் நிற்கும் இடங்களை எல்லாம் ஏட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், கிரந்தம் தொடங்க வேண்டிய இடத்தில் உரை நின்றிருந்தால் அதற்குக் காரணம் தரவுத்தளமாக இருக்கலாம்.

கிரந்தத்தைத் தேவநாகரிக்கு மாற்றிவிடலாமே, அது முதல் தளத்தில் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறீர்கள். படிப்பதற்கு ஒரு பிரதியாகத் தாராளமாகச் செய்யுங்கள், பலருக்கு உதவும். ஆனால் அந்தப் பிரதிக்கு மாற்றியது என்று பெயரிலேயே குறியிடுங்கள், மூலத்தின் இடத்தில் வைக்காதீர்கள். செப்பேட்டில் எந்த எழுத்து எந்த இடத்தில் மாறுகிறது என்பதே எழுத்தாய்வாளருக்குச் சான்று.

இதுவரை வரிகளை நீக்கியவர்கள் யாரும் தயங்க வேண்டாம். நீக்குவதற்கு முந்தைய பிரதி எந்தப் பென் டிரைவில், எந்த மெயிலில், யார் வீட்டுப் பழைய கணினியில் இருக்கிறது என்று இந்த வாரமே தேடுங்கள். கிடைத்ததைத் திறக்க முயலாமல் அப்படியே நகலெடுத்து வையுங்கள். கிடைக்காதவற்றை ஏட்டிலிருந்து மறுபடி அடிப்போம், உங்களோடு நானும் உட்காருகிறேன். திறக்காத ஃபைல்களை எனக்கு அனுப்புங்கள், ஓர் எழுத்தும் நீக்காமல் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்